இரண்டாம் நம்பருக்கு ஆளில்லை

ஜனவரி 19, ஞாயிறு

முதலில் ஒரு வெட்கக்கேட்டை எழுதித் தொலைத்துவிடுகிறேன். இன்று பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்கு விமானிச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை, ஒவ்வொரு தோளிலும் மூன்று தங்கப்பட்டை. மண்டப வாசலில் நின்ற பெண்வீட்டுப் பெரியவர் என்னைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

"இத்தன நேரங்கழிச்சு வந்தா எப்படீங்? மாப்பிள்ளை அழைப்பே முடிஞ்சு போச்சு. உங்காளுங்கெல்லாம் பின்னால டிபன் சாப்பிடறாங்க, போங்க."

பின்னால் போய்ப் பார்த்தேன். பேண்டு வாத்தியக்காரர்கள். அதே வெள்ளைச் சட்டை, அதே பட்டை. அவர்களுக்கு நான்கு. ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அந்த நிலையில் எழுந்துபோனால் இன்னும் அசிங்கம் என்று உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன். காரில் வரும்போது என் மனைவி கோகிலவாணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஊதச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

உண்மையைச் சொன்னால், அந்த மூன்று பட்டைக்கும் எனக்கு உரிமை கிடையாது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கோழித்தீவனம் அரைக்கிற மில் வைத்திருக்கிறேன். எங்கள் விமான கிளப்பின் இணைச் செயலாளர். ஆனால் ஒன்பது வருஷமாக மாணவர் லைசென்ஸ்தான். வாத்தியார் பக்கத்தில் இல்லாமல், விமானத்தைத் திருப்புகிற ஸ்டிக்கைத் தொடக்கூடாது. எழுத்துப் பரீட்சையில் வானிலைப் பாடம் ஏழு தடவை என்னைக் கவிழ்த்துவிட்டது. மேகத்தில் எத்தனை வகை இருந்தால் என்ன, மழை பெய்தால் நனையப் போகிறோம்.

ஜனவரி 22, புதன்

தீவனத்துக்கு மக்காச்சோளம் வந்தது, ஈரம் அதிகம், திருப்பி அனுப்பினேன். மத்தியானம் நாச்சிமுத்து வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்தவன். நூற்பாலை வைத்திருக்கிறான், அதைவிட முக்கியமாக மஞ்சள் நிறத்தில் ஒரு இரண்டு சீட்டு விமானம் வைத்திருக்கிறான். நாற்பத்தெட்டு வயதில் பறக்கக் கற்று, முதல் தடவையே எல்லாப் பரீட்சையும் பாஸ் செய்த அயோக்கியன். ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் மேலே போய்விட்டு வந்தால்தான் அவனுக்கு அந்த வாரம் சோறு இறங்கும். அவன் சம்சாரமே சொல்லும், "மில்லப் புடுங்கிக்கிட்டாக்கூட இருந்துக்குவாருங்க, அந்த லைசென்ச மட்டும் யாரும் தொடக்கூடாது."

"டேய் மூர்த்தி, பூளவாடிப்புதூர் அங்காளம்மனுக்கு பத்தாந்தேதி கும்பாபிஷேகம். கலசத்துல தண்ணி ஊத்தறப்ப மேலருந்து பூப் போடறேன். நீ கூட வா, கூடையப் புடிச்சுக்க."

"ஹெலிகாப்டர்லதானேடா எல்லாரும் போடுவாங்க?"

"அது வாடகைக்கு வரும்டா. இது சொந்தம்."

அந்தக் கோயிலில் ஒரு முறை உண்டு. எந்த விசேஷம் ஆனாலும் முதல் பூ நாச்சிமுத்து குடும்பத்துக்காரர்தான் தன் கையால் போட வேண்டும். முதல் தேங்காய் சுப்பராயன் குடும்பத்துக்காரர்தான் உடைக்க வேண்டும். சுப்பராயன் யாரென்றால், நாச்சிமுத்துவின் சம்சாரத்தோடு பிறந்த அண்ணன், தென்னைநார் ஏற்றுமதி, நீல நிற விமானம். ஆம், எங்கள் கிளப்பில் இருக்கிற இரண்டே தனியார் விமானமும் மச்சான்கள் கையில்தான் இருக்கின்றன. தங்கச்சி வீட்டில் வாங்கிய நாற்பதாம் நாள் அண்ணன் வீட்டில் வந்து இறங்கியது. இரண்டு அங்குலம் நீளம் அதிகம்.

சாயந்திரமே சேதி வந்துவிட்டது. சுப்பராயனும் வருகிறாராம்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு கிளப் கமிட்டி கூடியது. இரண்டு விமானம் சேர்ந்து பறந்தால் ஒன்று முதல் நம்பர், ஒன்று இரண்டாம் நம்பர். ரேடியோவில் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று எங்கள் வாத்தியார் தேவசகாயம் சொன்னார். விமானப்படையில் இருபத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், நாகர்கோவில்காரர். சொன்னதுதான் தாமதம்.

"ரெண்டுன்னு என்னைய ரேடியோவுல கூப்புட்டா நாளைக்கு ஊரே கூப்புடுமுங்க" என்றார் சுப்பராயன். "எங்கப்பா காலத்துலருந்து அந்தக் கோயில்ல மொதத் தேங்கா எங்களுது."

"தேங்கா உங்களுதுங்க மச்சான். யாரு இல்லீன்னா? இது பூவு."

"பூவ கீழ நின்னு போடுங்க மாப்ள. மேல வந்தா வயசுல பெரியவன் முன்னால போறதுதான் மொற."

"அப்படீன்னா சாமி ஊர்வலத்துல கோயில் மாடு முன்னால போகுதுங்களே, அது உங்களுக்கு மூத்ததுங்களா?"

இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பொருளாளர் ஒன்று, ஒன்று-ஏ என்று வைக்கலாம் என்றார். "ஒண்ணு-ஏ எப்பவும் ஒண்ணுக்கு அப்பறம் வர்ற டவுன் பஸ்ஸுங்க" என்று சுப்பராயன் தள்ளிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அடியேன் எழுந்து சொன்னேன்: யாரும் முன்னால் போக வேண்டாம், யாரும் பின்னால் வர வேண்டாம், தோளோடு தோள் சேர்ந்து பக்கத்தில் பக்கத்தில் பறக்கட்டும், இருவருமே முதல் நம்பர். கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மச்சான்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டாவது தட்டு கேசரி வந்தது.

தேவசகாயம் மட்டும் கைதட்டவில்லை.

"கேட்டுக்கிடுங்க. ஒண்ணாம் நம்பர் வழியப் பாப்பான். ரெண்டாம் நம்பர் ஒண்ணாம் நம்பர மட்டும்தான் பாப்பான், கண்ணச் சிமிட்டக்கூட மாட்டான். சேந்து பறக்கதுக்கு இந்த ஒரு சட்டம்தான் உண்டு. வானத்துல முன்னப் பின்ன தெரியாத ரெண்டு பேரு முட்டிக்கிட்டத நான் பாத்ததில்ல. நான் பாத்ததெல்லாம் சேந்து போனவனுவதான். ரெண்டு பேரும் ஒண்ணாம் நம்பர்னா, யாருவே யாரப் பாக்கது?"

"அங்காளம்மன் பாத்துக்குவாளுங்க" என்றார் சுப்பராயன்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஜனவரி 27, திங்கள்

கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. கேசரி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒத்திகை. நான் மஞ்சளில் வலது சீட். இந்த விமானத்தில் இரண்டு சீட்டுக்கும் முன்னால் ஒவ்வொரு ஸ்டிக் உண்டு. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். நாச்சிமுத்துவின் ஸ்டிக் அசைகிறபோதெல்லாம் என் முழங்காலுக்கு நடுவில் இருக்கிறதும் அசையும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது பெரிய தவம்.

நீலம் எங்களுக்கு வலது பக்கம், நான்கு விமானம் நிற்கிற இடம் விட்டு வந்தது. அதாவது என் பக்கம். சுப்பராயன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் நம்பர் திரும்பிப் பார்க்க மாட்டான் அல்லவா.

இறங்கியதும் தேவசகாயம் நாச்சிமுத்துவை, விமானம் நிறுத்துகிற ஹாங்கருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் குடிக்கப் போன எனக்குக் காதில் விழுந்தது. (தண்ணீர்ப் பானை வேறு பக்கம் இருக்கிறது. இருந்தாலும்.)

"ஒம்ம மச்சான் சாகுத வரைக்கும் திரும்பிப் பாக்க மாட்டாரு. நீரு பாக்கணும். யார்ட்டயும் சொல்ல வேண்டாம், எழுத வேண்டாம். மேல போனா நீருதான் ரெண்டாம் நம்பர். கண்ண அந்த நீலத்த விட்டு எடுக்கப்பிடாது. சம்மதமா?"

நாச்சிமுத்து சரியென்று தலையாட்டினான். பிறகு, "என்ற சம்சாரத்துக்குத் தெரியக்கூடாதுங்க சார். அவங்கண்ணன்கிட்டச் சொல்லிப்போடுவா" என்றான்.

நாற்பது வருஷப் பழக்கத்தில் அவன் தோற்று நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. சுவாரசியமாக இருந்தது. மூன்று பேரிடம் மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 5, புதன்

சிலிண்டர் வரவில்லை. மூன்று பேரும் ஆளுக்கு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூ வந்தது. நாற்பது கிலோ செவ்வந்தி, மஞ்சள் மட்டும். நாற்பதும் ஏறினால் நாங்கள் ஏற முடியாது என்று தேவசகாயம் ஆறு கிலோவாகக் குறைத்தார். "அதுலயும் ஒம்ம ஒடம்பக் கொறச்சா இன்னும் நாலு கிலோ ஏத்தலாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

இன்னொரு கட்டளையும் போட்டார். பூவை இடது ஜன்னல் வழியாகத்தான் போட வேண்டும். வலது பக்கம் போட்டால் நீலத்தின் விசிறியில் போய் அடிக்கும். இடது ஜன்னல் நாச்சிமுத்து பக்கம். நான் கையை நீட்டி அவன் மடிக்கு மேலே கூடையைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். செய்துவிடலாம் என்று சொன்னேன். என் கை அவ்வளவு நீளமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

சுப்பராயன் கோபுரத்தின் எதிர்மாடியில் வீடியோக்காரரை நிறுத்தியிருக்கிறார். வீடியோக்காரர் போன் செய்தார். "சார், நாலு விமானம் தூரம்னா ரெண்டும் ஒரே ஃபிரேமுக்குள்ள வராதுங்க. ஒண்ணுதான் விழும். எத எடுக்கறது?" அந்தக் கேள்விக்கு எந்த மச்சானும் பதில் சொல்ல முடியாது. நெருக்கி இரண்டு விமானம் தூரம் என்று முடிவாயிற்று. வாத்தியாரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

மோதிவிட்டது. யாரும் சாகவில்லை. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

காலை ஏழு இருபதுக்குக் கிளம்பினோம். பனி விலகிவிட்டது. கோயிலுக்கு மேலே போனபோது கீழே தலையும் குடையுமாக ஜனம். பத்தாயிரம் பேர் இருப்பார்கள். கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிட வேண்டுமென்று எல்லோரும் வானத்தையே பார்ப்பது வழக்கம். நாங்கள் போட்ட சத்தத்தில் கருடன் பக்கத்து ஜில்லாவுக்குப் போயிருக்கும். பத்தாயிரம் பேர் அண்ணாந்து என்னையே பார்க்கிற மாதிரி ஓர் அனுபவம் தீவன வியாபாரத்தில் கிடைக்காது.

முதல் சுற்று சும்மா. இரண்டாவது சுற்றில் கலசத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். பூ போடப்பட்டது. நன்றாகவே விழுந்தது. கூடை காலியாகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மஞ்சள் விமானம் வலது பக்கம் லேசாகச் சாய்ந்தது. விமானம் என்றால் சாயும்.

இரும்பு பீரோவை மாடிப்படியில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். எங்கள் வலது இறக்கையின் நுனி நீலத்தின் வாலில் பட்டிருந்தது. நாச்சிமுத்து "விடு! விட்ரா!" என்று கத்தினான். எதை விடச் சொன்னான் என்று தெரியவில்லை. நான் அப்போது அம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன், அதை விடச் சொல்லியிருக்கலாம்.

பிறகு அவன் செய்ததை வேறு யாரும் செய்திருக்க முடியாது. ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போன விமானத்தை ஊரைத் தாண்டி, மின்கம்பியைத் தாண்டி, ஒரு கரும்புக்காட்டில் இறக்கினான். எனக்கு மூக்குக்கண்ணாடி மட்டும் உடைந்தது. அவனுக்குக் காறை எலும்பு. ஏனோ தோள்வாரை அவிழ்த்துவிட்டிருந்தான், இறங்குகிற வேகத்தில் முன்னால் போய் இடித்துக்கொண்டான். சுப்பராயன் வால் நசுங்கிய நீலத்தைக் கிளப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். இறங்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லையாம். பின்னால் லாரி மோதின மாதிரி இருந்தது என்றாராம்.

ஆக, யார் மேலும் குற்றமில்லை. இரண்டாம் நம்பர் யாரென்று தீர்மானிக்காத கமிட்டியின் மேல்தான் குற்றம்.

பிப்ரவரி 12, புதன்

ஆஸ்பத்திரி. நாச்சிமுத்துவுக்குத் தோளில் கட்டு. நர்ஸ் பஞ்சால் அவன் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்னங் சார், மஞ்சளாவே இருக்குது, போகவே மாட்டீங்குது" என்றார். நாச்சிமுத்து கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

சுப்பராயனும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருந்தார். "மாப்ள, நீங்க என்னைய முந்தோணும்னு நெனச்சீங்களா?"

"இல்லீங் மச்சான்."

"பின்னெப்படி?"

"பாக்கலீங்க. அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து கைகால் கழுவினேன். கோகிலவாணி துண்டை நீட்டிக்கொண்டே என் கைகளைப் பார்த்தாள். "முந்தாநேத்து ஆறு கிலோ பூவப் போட்ட கையுங்களா இது? ஒரு கறை இல்லியே."

சோப்புப் போட்டுக் கழுவினேன் என்றேன்.

"கரும்புக்காட்டுலயா?" என்றாள்.

சிலிண்டர் வந்துவிட்டது என்று பேச்சை மாற்றினேன். உண்மையில் வரவில்லை. அதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஊரெல்லாம் ஒரே பேச்சு: கருடன்தான் வந்ததாம். இரண்டு விமானத்துக்கும் நடுவில் புகுந்து, "ஆணவத்தை விடுங்கடா" என்று இறக்கையால் தட்டிவிட்டுப் போனதாம். பேக்கரிக்காரர், பால்காரர், பேருந்து நிலையத்தில் பத்திரிகை விற்கிறவர், எல்லோரும் கண்ணால் பார்த்த மாதிரி சொல்கிறார்கள். யார் கிளப்பிவிட்டார்களோ. யோசித்துப் பார்த்தால் இது யாருக்கும் பாதகமில்லாத கதை. கருடனுக்கு லைசென்ஸ் கிடையாது, பறிக்க முடியாது.

பேக்கரிக்காரர், "நீங்க சொன்னதுல இருந்து எனக்குப் புல்லரிச்சுக் கெடக்குதுங்க" என்றார். நான் சொல்லவில்லை. அவர் கேட்டார், நான் மறுக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

விசாரணை அதிகாரி வந்தார். இளைஞர், மதுரைப்பக்கம். கிளப் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சுப்பராயன் உள்ளே போய்க் கருடன் என்றார். அதிகாரி, "இறகு ஏதாச்சும் கெடச்சுச்சா?" என்று கேட்டாராம். தெய்வ இறகு உதிராது என்று இவர் சொன்னாராம்.

அடுத்து வாத்தியார். உள்ளே போனவர் நாற்பது நிமிஷம் கழித்து முகம் வெளுத்து வந்தார். "நான் நாச்சிமுத்துட்ட ரகசியமாச் சொன்னத சொல்லிட்டேன்வே. நாச்சிமுத்துதான் பாக்க வேண்டிய ஆளு. பொய் சொல்ல எனக்குத் தெரியாது."

அப்புறம் நான்.

அதிகாரி மடிக்கணினியில் வீடியோவைக் காட்டினார். வீடியோக்காரர் கெட்டிக்காரர், இரண்டும் ஒரே ஃபிரேமில் இருக்கின்றன. பூ விழுகிறது. மஞ்சள் மெல்ல, தூக்கக் கலக்கத்தில் பஸ்ஸில் பக்கத்து ஆள் மேல் சாய்கிறவனைப் போல, நீலத்தின் மேல் சாய்கிறது.

"அந்த நேரம் நீங்க எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"கீழே, ஜனங்களை."

"பூவை யார் போட்டது?"

"என் வேலைங்க அது" என்றேன். இது உண்மை. அது என் வேலைதான்.

"ஓட்டினது?"

"விமானம் நாச்சிமுத்துவுடையதுங்க." இதுவும் உண்மை.

அவர் எழுதிக்கொண்டார். நான் எழுந்தேன். உட்கார்ந்த இடம் ஈரமாக இருந்தது. வேர்வைதான்.

கடைசியில் நாச்சிமுத்து. கட்டுப் போட்ட தோளோடு உள்ளே போய் ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்தான். "பாக்கலீன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றான். "டீ வாங்கிக் குடு."

பிப்ரவரி 21, வெள்ளி

தலைவலி. மில்லுக்குப் போகவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

நாச்சிமுத்து வீட்டுக்குப் போனேன். ஞாயிறு காலை ஏழரை மணி. இந்த நேரத்தில் அவன் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. வாசலில் நாற்காலி போட்டு, தோட்டத்துத் தென்னைமரங்களுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே ஒன்றும் இல்லை.

"லைசென்ஸ் போயிருமாடா?" என்றேன்.

"ரெண்டு வருசம்னு வாத்தியார் சொல்றாரு. கெட்ட நேரமா இருந்தா முழுசாவே."

"நான் வேணும்னா அந்த அதிகாரிய ஒரு தடவை பாத்து..."

"பாத்து?"

நான் எதிர்பார்த்தது அவன் வேண்டாம் என்று சொல்லுவான் என்று. அவன் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். அவன் சம்சாரம் காபி கொண்டுவந்து வைத்தது, போனது, நான் குடித்து முடித்தேன். அவன் இன்னும் காத்திருந்தான்.

"பாத்து, கமிட்டி மேலதான் தப்புன்னு சொல்றேன்" என்றேன்.

"செரி" என்றான். மறுபடி தென்னைமரத்துக்கு மேலே பார்த்தான்.

வரும் வழியில் சிலிண்டர் ஆபீசில் புகார் கொடுத்தேன். ஒரு மாதமாக இழுத்தடிக்கிறார்கள். இந்த நாட்டில் யாருக்கும் பொறுப்பே கிடையாது.

ஜூன் 8, ஞாயிறு

உத்தரவு வந்துவிட்டது. நாச்சிமுத்துவின் லைசென்ஸ் இரண்டு வருஷத்துக்கு நிறுத்திவைப்பு. சுப்பராயனுக்கு எச்சரிக்கை. கருடனைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. என் பெயருக்கு நேரே "பயணி" என்று போட்டிருக்கிறார்கள்.

இன்று கிளப் பொதுக்குழு. இனி இரண்டு விமானம் சேர்ந்து பறந்தால் சீட்டுக் குலுக்கிப்போட்டு முதல் நம்பர், இரண்டாம் நம்பர் தீர்மானிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். பத்து நிமிஷம் பேசினேன். பொறுப்பு, ஒழுக்கம், பணிவு என்று மூன்றைப் பற்றியும் பேசினேன். சுப்பராயன் எழுந்து நின்று கைதட்டினார். என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். கோகிலவாணி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்துவும் வந்திருந்தான். கூட்டம் முடிந்ததும் ஹாங்கருக்குப் போனான். இறக்கை மாற்றி மஞ்சள் விமானம் தயாராக நிற்கிறது. ஞாயிறுதோறும் வந்து அதைத் துடைத்துவிட்டு, இன்ஜினைப் போடாமல் இடது சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறானாம். இன்று நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வானிலைப் பரீட்ச பாஸ் பண்ணிட்டயாமா?"

"எட்டாவது தடவைடா."

"அப்ப சீக்கிரம் முழு லைசென்ஸ் வந்துரும். சாவிய உங்கிட்டயே குடுத்தர்றேன். ரெண்டு வருசம் சும்மா நின்னா இன்ஜின் வீணாப் போயிரும். யாராச்சும் ஓட்டோணுமல்ல."

சாவியை என் சட்டைப்பையில் போட்டான். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. சாவி மேஜை மேல் இருக்கிறது.

இந்த விவகாரத்தை இத்தோடு எழுதி முடிக்கிறேன். எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறேன். ஒரு சின்ன விவரம் மட்டும் எங்கேயும் சேரவில்லை. மோதிய அந்த நேரத்தில் ஸ்டிக்கைப் பிடித்திருந்தது நான்.